புது சார்

தமிழ்நாட்டில் புது வாத்தியாரை அடையாளம் காண்பது கஷ்டம். புதுசு என்றதும் மீசை அரும்பிய இளைஞர் ஒருவரைத் தேடினால் ஆள் அகப்பட மாட்டார். முன்நெற்றி உச்சந்தலை வரைக்கும் ஏறியிருக்கும். சட்டைப் பையில் வெள்ளெழுத்துக் கண்ணாடி இருக்கும். பள்ளிக்கூட வாசலில் தயங்கி நிற்பவரைப் பார்த்து, “பேரனைச் சேர்க்க வந்தீங்களா? அட்மிஷன் உள்ள” என்று சத்துணவு ஆயா சொல்லும். அவர்தான் புது சார்.

இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. அரசாங்கம் போட்டு வைத்திருக்கும் கணக்கு அப்படி. நேரடி நியமனத்துக்கு வயது உச்சவரம்பு பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58. ஓய்வு பெறும் வயது 60. தகுதிகாண் பருவம் 2 ஆண்டுகள். 58 வயதில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், இவர் ஆசிரியர் வேலைக்கு லாயக்கானவர்தான் என்று அரசு தீர்மானிக்கிற சமயத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஒரே பந்தலில் இரண்டு விசேஷத்தையும் முடித்துவிடலாம்; மிக்சர் செலவு மிச்சம். நம் புது சார் அவ்வளவு தாமதமில்லை. 44 வயதுதான். அவரோடு அதே ஒன்றியத்தில் பணியேற்றவர்களில் அவர் இளைஞர் அணி.

அவர் சும்மா இருந்து மூத்தவரல்ல. பி.ஏ. முடித்துவிட்டு, கல்யாண மண்டபம் கட்டுவதற்கென்று வைத்திருந்த மனைகளில் எல்லாம் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் முளைத்த காலத்தில் டிப்ளமா படித்தவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு சீனியாரிட்டி வரும் என்று உட்கார்ந்திருந்தார். சீனியாரிட்டி வருவதற்குள் டெட் வந்துவிட்டது. 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. புது சார் பெரும்பான்மையோடு நின்றார். 2013-இல் 150-க்கு 93 வாங்கித் தேறிவிட்டார். தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள். லட்டு தீர்ந்த பிறகு ‘வெயிட்டேஜ்’ என்று ஒன்று வந்தது. பிளஸ் டூ மார்க்கையும் கூட்டுவார்களாம். அவர் பிளஸ் டூ எழுதிய காலத்தில் மார்க்கை அளந்துதான் போடுவார்கள். பத்து வருஷம் கழித்து எழுதிய பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வந்து அவரைத் தாண்டிப் போனார்கள். பிறகு 2018-இல் அரசாணை 149. டெட் தேறினால் மட்டும் போதாது, வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. அந்தத் தேர்வு 2024 ஜூலையில் வந்தது. நடுவில், டெட் சான்றிதழ் ஏழு வருஷம்தான் செல்லும் என்றிருந்ததை 2021-இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். யாருடைய ஆயுள் என்று அவருடைய மாமனார் கேட்டார். நியாயமான கேள்வி.

இந்த இடைவெளியில் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் எட்டாயிரம் ரூபாய்க்குக் கத்தினார். அப்புறம் தென்காசிப் பக்கம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை போட்டார். சனி ஞாயிறுகளில் டெட் கோச்சிங் சென்டரில் உளவியல் வகுப்பு எடுத்தார். பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் மூன்று பேரும் அவர் வாயிலிருந்து குற்றாலத்துச் சாரல் மாதிரி வருவார்கள். அவரிடம் படித்தவர்கள் இரண்டு பேர் பட்டதாரி ஆசிரியராகி, கார் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க அவர் கடைக்கே வந்திருக்கிறார்கள்.

நியமன ஆணை ஒருவழியாகக் கைக்கு வந்தபோது ஆடி மாதம். ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்காத குடும்பம் அது. ஆனால் அம்மா பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, “கவர்மெண்டு வேலைக்கு ஆடியும் கெடையாது, அட்டமியும் கெடையாது. கெளம்பு” என்று சொல்லிவிட்டார். காலியிடம் வடக்கே. தெற்கே படித்தவர்கள் வடக்கே வேலைக்குப் போவது கல்வித்துறையில் பழைய வழக்கம். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் திருநெல்வேலித் தமிழ் கேட்காத பள்ளி குறைவு. புது சாருக்குப் போளூர் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மாணவர்கள் 31. ஆசிரியர்கள் இரண்டு பேர், அவரையும் சேர்த்து.

பணியேற்பு அறிக்கையில் ‘முற்பகல்’ என்று எழுத வேண்டும். பிற்பகல் என்று விழுந்துவிட்டால் அரை நாள் போச்சு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விடியற்காலை ஆறு மணிக்கே பூட்டிய கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். சான்றிதழ்கள் அத்தனையும் பன்னிரண்டு செட் இருந்தன. ஜெராக்ஸ் கடைக்காரர் அல்லவா. அவற்றில் ஒரு செட் ‘உண்மைத்தன்மை’ அறியப் போகும். அதாவது, அரசு கொடுத்த சான்றிதழை அரசு வாங்கி, அரசுக்கு அனுப்பி, இதை நீதான் கொடுத்தாயா என்று கேட்கும். பதில் வருகிறவரைக்கும் அவருக்கே தான் பத்தாவது பாஸா என்பதில் லேசாகச் சந்தேகம் இருக்கும். சம்பளம்? அடிப்படை ஊதியம் 20,600. அது எப்போது வரும் என்பது களஞ்சியம் செயலிக்கும் கருவூலத்துக்கும் நடுவில் இருக்கிற ரகசியம். ஆனால் சொந்தக்காரர்கள் கைமாற்று கேட்பது முதல் சம்பளத்துக்கு முன்பே தொடங்கிவிடும்.

பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை ஒருவர் உண்டு. பிள்ளைகளுக்குப் ‘பெரிய டீச்சர்’. புது சாரைவிட மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் சர்வீஸ் இருபது வருஷத்துக்கு மேல். “நாங்கள்லாம் தொகுப்பூதியத்துல வந்தவங்க சார். மாசம் மூவாயிரம். 2006 ஜூன்லதான் ரெகுலர் பண்ணாங்க” என்று டீச்சர் சொல்லும்போது சுதந்திரப் போராட்டத் தியாகி பென்ஷன் வாங்குகிற தோரணை இருக்கும். புது சார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்: “போவப் போவத் தெரியும் சார்.” கழிப்பறைச் சாவி எங்கே என்று கேட்டதற்கும் அதே பதில்தான் வந்தது.

நான்கும் ஐந்தும் டீச்சருக்கு. ஒன்று, இரண்டு, மூன்று புது சாருக்கு. மூன்று வகுப்பும் ஒரே அறை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின்படி பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்க வேண்டும். இதெல்லாம் புது சாருக்குத் தண்ணீர் பட்ட பாடு; தேர்வுக்கு நெட்டுருப் போட்டவை. முதல் நாளே வண்ண அட்டையில் மூன்று பூ வரைந்து எடுத்துக்கொண்டு போனார். வகுப்பிலேயே உயரமான பையன், தோளில் தம்பி ஒருவனைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவன், அரும்பு. முன்பல் இரண்டும் இல்லாத, நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாத பொடிசு, மலர். தோளில் இருந்த தம்பிக்கு எந்த நிலையும் கிடையாது, அவன் பால்வாடி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்ததால் அண்ணனோடு வந்திருந்தான். புது சாரின் முதல் வகுப்பை மிகவும் கவனமாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

மொழிச் சிக்கல் வேறு. வெளியே விளையாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, ஓடி விழுந்துவிடப் போகிறார்களே என்கிற அக்கறையில், “ஏல, பைய வாங்க, பைய!” என்றார். எல்லாரும் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்த வழியே திரும்பி ஓடிப் போய், ஆளுக்கொரு புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடி வந்தார்கள்.

பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதச் சொல்லித் தருவார்கள். ஊக்கமூட்டல் ஐந்து நிமிடம், பாடப்பொருள் இருபது நிமிடம், மீள்பார்வை, மதிப்பீடு. பென்சில் வழக்குகளுக்கு எத்தனை நிமிடம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. தொடக்கப் பள்ளி வாத்தியாருடைய வேலையில் பாதி நீதித்துறையைச் சேர்ந்தது. “சார், இவன் என் பென்சில எத்துகினான் சார்” என்று ஒருத்தி எழுவாள். பிரதிவாதி, அது தன்னுடைய பென்சில்தான் என்பான். பென்சில் ஒன்றரை அங்குலம். இரண்டு முனையும் சீவியிருக்கும். சாட்சி சொல்ல மூன்று பேர் கேட்காமலே முன்வருவார்கள். மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். அதில் ஒருவன் நேற்று நடந்த வேறொரு வழக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான். பழைய வாத்தியார்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள், “உட்காரு” என்று ஒரே சொல்லில் மனுவைத் தள்ளுபடி செய்வார்கள். புது சார் மெனக்கெட்டு விசாரிப்பார். வாய்தா போடுவார். சமரசம் பேசி, பென்சிலை நடுவில் உடைத்து ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பு சொன்ன பிறகு, அது அன்றைக்கு லீவு போட்ட மூன்றாவது பிள்ளையின் பென்சில் என்பது தெரியவரும். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை அம்மாவோடு வரும்.

அடுத்தது சத்தம். வகுப்பில் அமைதி நிலவ வேண்டும் என்று புது சார்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. “கையைக் கட்டு, வாயில விரல் வை” என்பார். வைப்பார்கள். விரலுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறதே, அது வழியாகப் பேசுவார்கள். அதற்கு அவர் ஒரு சத்தம் போடுவார். கொஞ்ச நாளில் பக்கத்து அறையிலிருந்து பெரிய டீச்சர் எட்டிப் பார்த்து, “பசங்க சத்தமே கேக்கல சார், உங்க சத்தந்தான் கேக்குது” என்றார். தொண்டைக்கு மிளகு, சுக்கு, பனங்கற்கண்டு என்று ஒரு டப்பா அவர் மேசையில் நிரந்தரமாகிவிட்டது. பனங்கற்கண்டு மட்டும் தினமும் குறைந்துகொண்டு வந்தது. அதற்கு வழக்குப் பதிவாகவில்லை.

பிரம்பு கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தையை அடிக்கவும் மனம் நோகச் செய்யவும் தடை விதிக்கிறது. புது சார் அதை மனதார ஏற்றுக்கொண்டவர். ஏற்காதவர்கள் பெற்றோர்கள்தான். ஒரு அப்பா பையனை இழுத்துக்கொண்டு வந்து, “கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு மீதியெல்லாம் உரிச்சிடுங்க சார்” என்று முழு அதிகாரம் வழங்கினார். புது சார் அவரை உட்காரவைத்து, 17-ஆம் பிரிவை விளக்கி, தண்டனை குழந்தையின் ஆளுமை வளர்ச்சியை எப்படிப் பாதிக்கும் என்று பதினைந்து நிமிடம் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு வெளியே வந்து, “புது சார் பயந்த சுபாவம் போலக்குது” என்று பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பியாஜே கதையையும் சொல்ல வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு, ஒரே அளவு தண்ணீரைக் குட்டையான பாத்திரத்திலிருந்து நெட்டையான பாத்திரத்துக்கு மாற்றினால் அளவு மாறாது என்பது விளங்காது. உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிடும் என்பது பியாஜேயின் கண்டுபிடிப்பு. பத்து வருஷம் கோச்சிங் சென்டர் பலகையில் இரண்டு டம்ளர் படம் வரைந்து நடத்தியவருக்கு, உயிருள்ள ஆறு வயதுக் குழந்தைகள் கையில் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? சத்துணவுக் கூடத்தில் ஒரே மாதிரி இரண்டு டம்ளரும், நெட்டையாக ஒரு செம்பும் கேட்டு வாங்கி வந்தார். டம்ளர் இரண்டிலும் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒன்றைச் செம்புக்கு மாற்றினார். “எதுல தண்ணி நெறைய இருக்கு?” என்றார். ஒன்றாம் வகுப்பு மொத்தமும் செம்பைக் காட்டியது. ஸ்விட்சர்லாந்துக்காரர் சொன்னது ஜவ்வாது மலையடிவாரத்தில் அட்சரம் பிசகாமல் நடக்கிறது. புது சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து, “சார், தாகமா இருக்குது” என்றது. கொடுத்தார். செம்பிலிருந்த சோதனையை அது குடித்தது. “சார், எனக்கு” என்றது இன்னொன்று. டம்ளரும் போயிற்று. அப்புறம் குடம் வந்தது. மூன்று வகுப்பும் வரிசையில் நின்று குடித்தன. பால்வாடித் தம்பியும் குடித்தான். பதினைந்து நிமிடம் கழித்து முதல் விரல் உயர்ந்தது: “சார், ஒண்ணுக்கு.” ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒன்பது பிள்ளைகளுக்கு வரும் என்பது எந்த உளவியல் நூலிலும் இல்லாத விதி. அன்றைக்கு மதியம் வரைக்கும் வகுப்பு வேப்ப மரத்தடிக்கும் அறைக்கும் நடுவில்தான் நடந்தது.

வேப்ப மரத்தைப் பற்றிச் சொன்னால் செல்போனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளைகளின் வருகையைக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டும். சிக்னல் அந்த மரத்தடியில் இரண்டு கோடு, கோயில் மேடையில் மூன்று கோடு. புது சார் கோயில் மேடையில் ஏறிக் கையை உயர்த்தி நிற்பதைப் பார்த்து, சார் ரொம்ப பக்தி என்று ஊரில் பேர் வந்தது. கூழ் ஊற்றும் திருவிழாக் கமிட்டியில் சேர்த்துவிட்டார்கள். வருகை முடிந்தால் காலை உணவு விவரம். அது முடிந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படிவம்: ‘மிக அவசரம். இன்று மாலைக்குள்.’ அதே படிவத்தைப் போன மாதமும் கேட்டிருப்பார்கள். புது சார் பதறிக்கொண்டு பூர்த்தி செய்வார். பெரிய டீச்சர் அதை மூன்று நாள் ஊறப்போடுவார். மூன்றாம் நாள், ‘முந்தைய படிவத்தைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று அடுத்த செய்தி வரும். எந்தப் பயிற்சி நிறுவனமும் சொல்லித்தராத கல்வி நிர்வாகம் இது. டீச்சர்மேல் அவருக்கு உண்மையான மரியாதை பிறந்தது அப்போதுதான்.

அந்த மரியாதை நன்றாக வேரூன்றுவதற்குள் ஒரு விஷயம் நடந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும்; ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு அவகாசம் இரண்டு ஆண்டுகள். மாநில அரசு சீராய்வு மனு என்று கிளம்பியது, சங்கங்கள் கூட்டம் போட்டன, அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். அந்தப் பள்ளியில் நடந்தது சின்ன விவகாரம். மறுநாள் காலை புது சாருடைய மேசைக்கு, கேட்காமலே, ஏலக்காய் போட்ட டீ வந்தது. கழிப்பறைச் சாவியும் கூடவே வந்தது.

மாலையில் மணி அடித்து, பிள்ளைகள் போன பிறகு டீச்சர் வந்து உட்கார்ந்தார். வகுப்பறையில் பெரியவர்களுக்கான நாற்காலி ஒன்றுதான் என்பதால் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. நோட்டுக்கு அட்டை போட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளோடு பிழைத்தவர். எந்தப் பிள்ளை பசியில் அழுகிறது, எது பொய்யாக அழுகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவார். டெட்டில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் என்ற பகுதிக்கு 30 மதிப்பெண். கோச்சிங் சென்டரில் எடுத்த அதே குறிப்பு நோட்டைப் புது சார் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார். ஒரே நாளில் அவர் குரல் மாறிவிட்டது. தொண்டைக் கமறல்கூட இல்லை.

“வினா நாலு. வகுப்பறையில் ஒரு குழந்தை தொடர்ந்து அழுகிறது. ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? ஏ, பெற்றோரை வரவழைத்தல். பி, தலைமையாசிரியரிடம் தெரிவித்தல். சி, மனவெழுச்சிக்கான காரணத்தைக் கண்டறிதல். டி, கண்டுகொள்ளாமல் பாடத்தைத் தொடர்தல்.”

“மூக்கத் தொடச்சி வுடணும் சார்.”

“அது ஆப்ஷன்ல இல்ல டீச்சர்.”

“காலையில ஒண்ணாங்கிளாஸ் பொண்ணுக்கு நீங்க அதத்தான செஞ்சீங்க? கர்ச்சீப்ப வேற வீணாக்குனீங்க.”

“அது கிளாஸ், டீச்சர். இது டெட்.”

டீச்சர் பேனா முனையைக் கடித்துக்கொண்டு யோசித்தார். “அப்ப பி.”

“தப்பு. சி.”

“எப்படி சார் தப்பாவும்? தலைமையாசிரியர்னா நாந்தான? எங்கிட்ட சொல்லாம நீங்களே காரணம் கண்டுபிடிப்பீங்களா?”

புது சார் ஒரு கணம் விழித்தார். கோச்சிங் சென்டரில் இப்படி எவரும் கேட்டதில்லை. “விடைக்குறிப்புல சி-ன்னுதான் டீச்சர் போட்டிருக்கு.”

“நெகட்டிவ் மார்க் உண்டா?”

“கெடையாது டீச்சர்.”

“அப்ப பி-யே இருக்கட்டும்” என்று டீச்சர் அழுத்தமாக எழுதிக்கொண்டார். “அடுத்தது சொல்லுங்க.”